நுரையீரல் ஸ்கேனுக்குப் பின்னால் ஒரு தமிழர்: யார் இந்த ஜி.என். ராமச்சந்திரன்?

புகைமூட்டம் வந்தால் இருமல் நிற்கவே மாட்டேங்குது என்று பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ கிளினிக் போகிறீர்கள். முதலில் எக்ஸ்ரே. சந்தேகம் தீரவில்லை என்றால் சிடி ஸ்கேன். அந்தப் படங்களை அடுக்கி, கணினி உங்கள் நுரையீரலை முப்பரிமாண மாதிரியாகத் திரையில் கொண்டுவரும். மூச்சுக்குழாய்கள் தலைகீழாக நிற்கும் மரம் மாதிரி தெரியும். எந்தப் பகுதியை வெட்டுவது என்று அறுவை சிகிச்சைக்கு முன்பே டாக்டர்கள் இதை வைத்துத் திட்டமிடலாம்.

இதற்கான கணக்கில் ஒரு தமிழரின் பெயர் இருக்கிறது.

ராமச்சந்திரன் 1922-இல் எர்ணாகுளத்தில் பிறந்தார். பெயரில் உள்ள 'ஜி', திருநெல்வேலிப் பக்கம் இருக்கும் கோபாலசமுத்திரம். அப்பா கணிதப் பேராசிரியர். 1942-இல் பெங்களூரில் மின் பொறியியல் படிக்கச் சேர்ந்தவரை, சர் சி.வி. ராமன் இயற்பியலுக்கு இழுத்துக்கொண்டார். அப்புறம் கேம்பிரிட்ஜ். 1952-இல் மெட்ராஸ் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைவர். வயது சுமார் 30தான்!

அங்கேதான் கோபிநாத் கர்த்தாவுடன் கொலாஜன் என்ற புரதத்தின் வடிவத்தை ஆராய்ந்தார். ஆய்வுக்குப் பயன்பட்டது, சொன்னால் சிரிப்பீர்கள், கங்காரு வாலின் தசைநாண். மூன்று இழைகள் முறுக்கிய கயிறு என்று 1954-இல் சொன்னார்கள். நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு மூச்சுக்கும் நுரையீரல் கிழியாமல் தாங்குவதில் கொலாஜனுக்குப் பெரிய பங்கு உண்டு. உயிர்வேதியியல் மாணவர்களுக்கு 1963-இல் வந்த 'ராமச்சந்திரன் பிளாட்' தெரிந்திருக்கும்.

சரி, ஸ்கேன் கதை என்ன? எக்ஸ்ரே என்பது வெறும் நிழல். விலா எலும்பும் நுரையீரலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். சிடி ஸ்கேனில் உடலைச் சுற்றிப் பல கோணங்களில் நிழல் எடுக்கிறார்கள். எல்லா நிழலையும் திருப்பி ஒன்றாகச் சேர்த்தால் உருவம் வரும், ஆனால் மங்கலாக, எண்ணெய்த் தாளில் பார்ப்பதுபோல. ஒவ்வொரு நிழலையும் சேர்ப்பதற்கு முன்பே ஒரு வடிகட்டியில் போட்டுக் கூர்மையாக்கிவிட்டால் மங்கல் போய்விடும். அந்தக் காலத்துக் கணினிக்கு வேலையும் குறையும். 1971-இல் ஏ.வி. லட்சுமிநாராயணனுடன் அவர் வெளியிட்டது இதைத்தான். வானொலி வானியலாளர்கள் 1967-லேயே இதே மாதிரி ஒரு வழியைக் கண்டிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் பெயர் நிலைத்தது இவர்களுக்குத்தான்: 'ராம்-லாக்' வடிகட்டி. மாட்லாப் பயன்படுத்தும் பொறியியல் மாணவரா நீங்கள்? இந்த வேலைக்கு அதில் தானாக வருவதே ராம்-லாக்தான். இன்றைய ஸ்கேனர்கள் இதைத் தாண்டி, செயற்கை நுண்ணறிவு வரை வந்துவிட்டன.

சிடி ஸ்கேனுக்கான நோபல் 1979-இல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கோர்மாக்குக்கும் போனது. அதை அநியாயம் என்று சொல்ல முடியாது. கருவியைக் கட்டியவர் ஒருவர், 1963-லேயே கணக்கை வெளியிட்டவர் இன்னொருவர். கொலாஜனுக்கும் அந்த பிளாட்டுக்கும் கொடுக்காததுதான் உறுத்துகிறது.

கடைசிக் காலத்தில் பார்க்கின்சன் நோய் அவரை வாட்டியது. 1998-இல் மனைவி ராஜலட்சுமி இறந்தார். 2001 ஏப்ரல் 7-ஆம் தேதி சென்னையில் ராமச்சந்திரன் காலமானார்.