அம்மு சுவாமிநாதன்

பாலக்காடு பக்கம் ஆனக்கரையில் 1894-ல் பிறந்தவர் அம்மு அம்மா. பள்ளிக்கூடம் போனதில்லை. சின்ன வயசிலேயே கல்யாணமாகி சென்னைக்கு வந்து, வீட்டிலேயே இங்கிலீஷ் படித்தார். 1917-ல் இந்திய மாதர் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். 1942 போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனார்.

1946-ல் சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்வானார். அப்போது நம்ம நீலகிரியும் அந்த மாகாணம்தான். சபையில் பெண்கள் 15 பேரே.

நம்ம குழுவில் ஊக்குநர் மட்டும் பேங்குக்குப் போய் பணம் எடுக்க முடியுமா? தீர்மானம் வேணும், இன்னொருவர் கையெழுத்தும் வேணும். நாட்டுக்கும் அந்தச் சபை அப்படித்தான் எழுதி வைத்தது. சட்டம் போட நாடாளுமன்றம், நடத்த அரசாங்கம், வரம்பு மீறினால் தட்டிக்கேட்க நீதிமன்றம். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம உரிமை. யார் ஆண்டாலும் அதில் கைவைக்கக் கூடாது.

1949 நவம்பரில் சபையில் பேசியபோது, அந்தச் சம உரிமையைப் பெருமையாகச் சொன்னார். 395 பிரிவுள்ள புத்தகம் ரொம்பப் பெரிசு, கைப்பையில் வைக்கிற அளவில் இருந்திருக்கலாம் என்ற குறையையும் சொன்னார். 1952-ல் திண்டுக்கல் எம்.பி. ஆனார், 1978-ல் மறைந்தார்.

சகோதரிகளே, எஸ்டேட் லைனில் கூடினாலும் ஹட்டியில் கூடினாலும், தீர்மான நோட்டை வாசித்துப் பார்த்தே கையெழுத்துப் போடுவோம்.