ஜேம்ஸ் வாட்டும் அவர் பெற்ற தனியுரிமையும்

ஒருவன் தன் அறிவினாற் கண்டதொன்று அவனுக்கே உரியதோ, உலகத்தார் அனைவர்க்கும் பொதுவோ என்னும் வினாவை ஆராய்வார்க்கு ஜேம்ஸ் வாட் என்பாரது சரிதம் தக்க துணையாகும்.

அன்னார் 1736-ஆம் வருஷம் ஸ்காத்லாந்து தேசத்துக் கிரீனக் என்னும் துறைமுகப் பட்டினத்திற் பிறந்தார். 1757-ல் கிளாஸ்கோ சர்வகலாசாலையிற் கருவிகள் செய்பவராய் அமர்ந்தார். நியூகாமன் என்பவர் இயற்றிய நீராவி யந்திரத்தின் மாதிரியொன்று செப்பனிடுதற்பொருட்டு அவரிடம் வந்தது. அதன் உருளை மாறிமாறிச் சூடேறிக் குளிர்தலால் நீராவியிற் பெரும்பகுதி வீணாதலை அவர் கண்டார். நீராவியைக் குளிர்விக்க வேறொரு கலம் அமைப்பின் உருளை என்றும் சூடாகவே இருக்குமென்பது 1765-ல் அவருள்ளத்து உதித்தது.

கருத்து உதித்தல் எளிது. அதனை இரும்பில் வடித்தல் அரிது. வாட் கடன்பட்டார், நிலம் அளந்து குடும்பம் காத்தார். 1769-ல் அவருக்கு 14 ஆண்டுத் தனியுரிமை கிடைத்தது. துணைநின்ற ரோபக் என்பவர் 1773-ல் நொடித்துப்போனார். அவர் பங்கைப் பெற்ற பர்மிங்ஹாம் நகரத்து மாத்யூ போல்டன், எஞ்சிய காலத்தில் இட்ட முதல் மீளாதென்று அஞ்சினார். 1775-ல் பார்லிமெண்டார் அவ்வுரிமையை 1800 வரை நீட்டினர். அதன்பின்னரே யந்திரங்கள் பெருகின. கார்ன்வால் சுரங்கத்தார், புதிய யந்திரத்தால் மிச்சமான நிலக்கரி விலையில் மூன்றிலொரு பங்கை இருவருக்கும் செலுத்தினர்.

ஆயினும் அவ்வுரிமை பிறரைத் தடுக்கவும் செய்தது. வளைதண்டால் யந்திரத்தைச் சுழற்றும் உரிமையை வேறொருவர் 1780-லேயே பெற்றுவிட்டமையால், சூரியனைக் கிரகம் சுற்றுமாறுபோல ஒரு சக்கரம் மற்றொன்றைச் சுற்றும் அமைப்பொன்றை வாட் தேடவேண்டியதாயிற்று. தாம் பட்ட இடரைத் தாமே பிறர்க்கும் விளைத்தார். ஹார்ன்பிளவர் என்பவர் மீது வழக்காடி 1799-ல் வென்றார். மிக்க அழுத்தமுள்ள நீராவியை அபாயமென்று கருதி அவ்வழியையும் ஊக்கவில்லை.

1800-ல் உரிமை முடிந்தது. அடுத்த ஆண்டே டிரெவிதிக் என்பவர் அழுத்தமிக்க நீராவியாற் சாலையில் வண்டியோட்டினார். 1804-ல் தண்டவாளத்திலும் ஓட்டினார். 1811 முதற் கார்ன்வாலில் ஒவ்வொரு யந்திரத்தின் திறனும் மாதந்தோறும் அச்சிட்டு வெளியிடப்பட்டது. ஒருவர் கண்ட திருத்தம் பலர்க்கும் பயன்பட, எரிபொருட் சிக்கனம் வளர்ந்தது.

முதுமையில் வாட் தம் மேன்மாடத்திலிருந்து, சிலைகளைப் படியெடுக்கும் பொறியொன்றை விருப்புடன் இயற்றிவந்தார். அதற்கு உரிமை கோரினாரல்லர். 1819-ல் உயிர்நீத்தார்.

உரிமை இல்லையேல் போல்டன் பொருளிட்டிரார். வாட்டின் கருத்தும் பட்டறை மூலையிற் கிடந்திருக்கலாம். உரிமைக்கு முடிவு இல்லையேல் டிரெவிதிக் போன்றாரது கைகள் கட்டுண்டிருக்கும். இளமரத்திற்கு வேலி வேண்டும். மரம் வளர்ந்து நிழல் தருங்கால் வேலி நீங்கவும் வேண்டும். எத்துணை ஆண்டு என்று அளந்து விதித்தலே அரசின் கடமையாம்.