குலம் கேட்டோர்க்குச் சீலம் காட்டிய பண்டிதர்



ஒருவன் புதிய ஊருக்குக் குடிபோனால் அவ்வூரார் முதலில் கேட்பது அவன் பெயரை. அடுத்துக் கேட்பது அவன் தொழிலை. மூன்றாவதாக, நேரே கேட்கக் கூசிச் சுற்றி வளைத்துக் கேட்பது அவன் குலத்தை. சுரங்கத்திலும் ஆலையிலும் பிழைப்புத் தேடித் தமிழகம் விட்டு வந்த நம் முன்னோரை இம்மூன்றாவது கேள்வி ரயிலேறியும் விடாது பின்தொடர்ந்தது. அதற்கு நாணாமல் விடை சொல்ல நம்மவர்க்குக் கற்பித்தவர் அயோத்திதாஸ பண்டிதர். அவர் 1898-ஆம் ஆண்டு சென்னை இராயப்பேட்டையில் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கம் ஒரு குலத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. குலபேதம் ஒழிக்க வந்த சங்கத்துக்குக் குலப்பெயர் எதற்கு? இவ்வினாவுக்கு விடை பண்டிதருடைய வாழ்க்கையிலேயே இருக்கின்றது.

அக்காலத்து நிலையை முதலில் அறிதல் வேண்டும். ஆங்கில சர்க்கார் குடிக்கணக்கு எடுக்கத் தொடங்கி, ஒவ்வொரு ஜாதியையும் ஏட்டில் மேல் கீழாக வரிசைப்படுத்தியபோது, பல சமூகத்தார் சபை கூட்டினர். வம்ச புராணம் அச்சிட்டனர். தாங்கள் க்ஷத்திரியரென்றும் வைசியரென்றும் மனு எழுதிப் போட்டனர். ஏணியில் ஒரு படி மேலேற வேண்டுமென்பதே அச்சபைகளின் நோக்கம். ஏணியே தகாது என்று சொன்னவர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் நம் பண்டிதர்.

அவர் பிறந்தது 1845-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் தேதி. தந்தையார் கந்தசாமி. பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் பட்லராக வேலை பார்த்தவர். அவர் தம் வீட்டில் காத்து வைத்திருந்த திருக்குறள், நாலடி நானூறு ஆகியவற்றின் ஓலைச்சுவடிகளைத் தம் துரையின் மூலமாக எல்லீஸ் துரையிடம் சேர்ப்பித்தார் என்று பண்டிதரே தம் பத்திரிகையில் எழுதி வைத்திருக்கின்றார். எல்லீஸ் துரை தமிழில் ஆழ்ந்த பற்றுடையவர், திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர், 1819-ல் மறைந்தவர். தீண்டத்தகாதவரென்று ஊரார் ஒதுக்கிய வீட்டில் தமிழ்மறை உறங்காது விழித்திருந்ததென்பதை எண்ணிப் பாருங்கள். நிலமும் பொன்னும் அவ்வீட்டில் முதுசொமாக இருக்கவில்லை. கைமாறி வந்தது ஏடு. மரபு என்பது இரத்தம் மட்டுமன்று, ஒருவன் காத்துப் பின்னவனிடம் ஒப்படைப்பதே மரபு என்னும் பாடத்தைச் சிறுவன் காத்தவராயன் இங்கேதான் முதலில் கற்றிருக்க வேண்டும்.

இரண்டாவது பாடம் ஆசிரியரிடம் கிடைத்தது. வல்லகாளத்தி அயோத்திதாஸக் கவிராஜ பண்டிதர் என்பாரிடம் அவர் தமிழ் இலக்கணம், இலக்கியம், சித்த வைத்தியம் ஆகியவற்றைப் பயின்றார். குருவின் மீது கொண்ட பக்தியால் பெற்றோர் இட்ட பெயரை விடுத்துக் குருவின் பெயரையே தம் பெயராக ஏற்றார். இன்று உலகம் அறிந்திருக்கும் அயோத்திதாஸர் என்னும் பெயர் பிறப்பால் வந்ததன்று, கல்வியால் வந்தது. பின்னாளில் ஒரு வம்சத்தின் பெயரால் சங்கம் அமைத்தவர், தம் சொந்தப் பெயரை வம்சத்திலிருந்து எடுக்காமல் ஆசிரியரிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்பதை மறவாதிருப்போமாக.

தமிழோடு வடமொழி, பாலி, ஆங்கிலம் ஆகியவற்றிலும் பயிற்சி பெற்ற பண்டிதர், நீலகிரியில் வாழ்ந்த காலத்தில் 1870-களில் அத்வைதானந்த சபை ஒன்றை நிறுவினார். எல்லா உயிரிலும் ஒரே பொருள் உண்டு என்று கூறும் வேதாந்தத்தில் ஜாதிக்கு இடமிராது என்று அவர் நம்பிய காலம் அது. பின்னர் 1885-ல் ஜான் ரத்தினம் பாதிரியாரோடு சேர்ந்து திராவிட பாண்டியன் என்னும் பத்திரிகை நடத்தினார். 1891-ல் திராவிட மகாஜன சபையை நிறுவி, அவ்வாண்டு டிசம்பர் 1-ஆம் தேதி நீலகிரியில் மகாநாடு கூட்டினார். இழிபெயரிட்டு வைதல் குற்றமாக வேண்டும், பள்ளிகளும் உபகாரச் சம்பளமும் வேண்டும், பொதுக் கிணறு குளங்களில் நீரெடுக்கத் தடை கூடாது என்னும் இவை போன்ற கோரிக்கைகள் அங்கே தீர்மானங்களாயின.

மறு ஆண்டு, 1892-ல், சென்னை மகாஜன சபையின் கூட்டத்துக்குப் பண்டிதர் பிரதிநிதியாகச் சென்றார். விஷ்ணு, சிவன் ஆலயங்களுள் இம்மக்களையும் அனுமதிக்கலாகாதா என்று அங்கே வினவினார். சபையில் கூச்சல் எழுந்தது. உங்களுக்கென்று மதுரைவீரனும் கருப்பண்ணனும் இருக்கையில் எங்கள் தெய்வங்கள் உங்களுக்கு எதற்கு என்னும் பொருள்படத் தஞ்சையிலிருந்து வந்த ஒரு பிரதிநிதி மறுத்துரைத்தார். அப்படியானால் அத்தெய்வங்கள் எங்களுக்கு வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும் உழுதற்குத் தரிசு நிலமுமே வேண்டும் என்று பண்டிதர் கேட்டார். கல்வியும் நிலமும் பற்றிய தீர்மானம் நிறைவேறிற்று. கோயில் கதவோ சாத்தியே கிடந்தது. வேதாந்தம் பேசும் வாய் வேறு, வாசலைக் காக்கும் கை வேறு என்பதைப் பண்டிதர் அன்று கண்ணாரக் கண்டார். தம் மக்களின் பூர்வ சமயம் யாதென்று ஏடுகளைப் புரட்டித் தேடலானார்.

அவருடைய மைத்துனர் இரட்டைமலை சீனிவாசன் அவர்களும் அதே துயரத்துக்கு மருந்து தேடினார். அவர் 1893-ல் பறையன் என்னும் பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். வசைச் சொல்லையே கொடியாக உயர்த்தினால் வசை கூசிப் போகும் என்பது அவர் வழி. பகைவர் இட்ட பெயரை ஏற்கலாகாது, நம் பழம்பெயரைத் தேடி எடுக்க வேண்டும் என்பது பண்டிதர் வழி. ஒரே குடும்பத்தில் இருவர் இருவழி சென்றனர். இருவரும் நம் நன்றிக்குரியவர்களே.

தேடலின் முடிவில் பண்டிதர் அடையாற்றிலிருந்த ஆல்காட் துரையை அணுகினார். 1898-ஆம் ஆண்டு ஜூலை மாதம் பண்டிதரும், பள்ளி ஆசிரியரான பி. கிருஷ்ணசாமியாரும் ஆல்காட்டுடன் இலங்கைக்குக் கப்பலேறினர். கொழும்பு வித்தியோதய பிரிவேனையின் தலைவராகிய சுமங்கல நாயக தேரரிடம் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்றனர். திரும்பி வந்து அவ்வாண்டே இராயப்பேட்டையில் சங்கத்தைத் தோற்றுவித்தனர். அதன் ஸ்தாபகர் யார்? ஒருவர் நாட்டு வைத்தியர், மற்றொருவர் பள்ளி ஆசிரியர். ஜமீன்தாரோ மிராசுதாரோ முன்வந்து அமைத்ததன்று அது.

சாக்கியர் என்பது பகவான் புத்தர் பிறந்த குலத்தின் பெயர். இம்மண்ணின் ஜாதிபேதமற்ற திராவிடர் பூர்வத்தில் பௌத்தராயிருந்தனர். வேஷ பிராமணர் சூழ்ச்சியால் நிலமும் விகாரையும் இழந்தனர். தம்மத்தை விட மறுத்ததனாலேயே தீண்டத்தகாதவரென இழித்துரைக்கப்பட்டனர். இதுவே பண்டிதர் கண்ட பூர்வ சரித்திரம். இந்திரர் தேச சரித்திரம் முதலிய நூல்களில் இதை விரித்தெழுதினார். 1912-ல் புத்தரது ஆதிவேதம் என்னும் பெருநூலையும் வெளியிட்டார்.

இங்கே ஓர் ஐயம் எழும். நாங்கள் சாக்கிய வம்சம் என்று மார்தட்டினால் அதுவும் மற்றொரு ஜாதிப் பெருமையன்றோ? ஐயம் நியாயமானதே. ஆனால் பகவானுடைய சரித்திரத்தை நினைவுகூர்வோம். புத்தரான பின் கபிலவஸ்துவுக்குத் திரும்பிய அவர் வீடுதோறும் பிச்சையேற்றார். தந்தை சுத்தோதனர் மனம் வருந்தி, நம் அரச வம்சத்தில் எவரும் இவ்வாறு பிச்சையேற்றதில்லையே என்றார். அரச வம்சம் தங்களுடையது, என் வம்சமோ புத்தர்களின் வம்சம் என்று பகவான் விடையிறுத்தார். அனுருத்தன், ஆனந்தன் முதலிய சாக்கிய இளவரசர் துறவு பூண வந்தபோது, உடன் வந்த நாவிதனாகிய உபாலிக்கு முதலில் பிரவ்ரஜ்ஜை கொடுத்தருளும்படி அவர்களே வேண்டினர். உபாலி மூத்தவராயின் தாங்கள் நாள்தோறும் அவரை வணங்க நேரும், அதனால் தங்கள் குலச்செருக்கு அடங்கும் என்பது அவர்கள் கருத்து. ஆகவே சாக்கியர் என்னும் பெயர்க்குப் பொருள் குலச்செருக்கன்று. குலச்செருக்கை வென்றோர் என்பதேயாம். யதார்த்த பிராமணன் பிறப்பால் ஆவதில்லை, ஒழுக்கத்தால் ஆகின்றான் என்று பண்டிதர் வலியுறுத்தியதும் இக்கருத்தைப் பற்றியே.

1907-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 19-ஆம் தேதி ஒரு பைசாத் தமிழன் என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். ஓராண்டுக்குப்பின் அது தமிழன் எனப் பெயர் சுருங்கிற்று. ஆனால் அதன் வீச்சு பெருகிற்று. தம்மம், சரித்திரம், வைத்தியம், அரசியல் எல்லாம் அதில் வந்தன. சுரங்கத் தொழிலாளர் மிகுந்த கோலார் தங்கவயல் மாரிகுப்பத்தில் 1907-ல் கிளைச் சங்கம் அமைந்தது. பெங்களூர், திருப்பத்தூர், இரங்கூன், தென்னாப்பிரிக்கா எனத் தமிழ்க் கூலிக்காரர் சென்ற இடமெல்லாம் அவர் குரல் எட்டிற்று. பூமிக்கடியில் பகல் முழுதும் இருளில் உழைத்தவர், மாலையில் கூடி ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டனர். திருமணமும் ஈமக்கடனும் புரோகிதரின்றிப் பௌத்த முறையில் நடந்தன. 1911-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் தம்மவரைப் பௌத்தரெனத் தனியே பதிய வேண்டுமென்றும் பண்டிதர் போராடினார்.

அக்காலத்துப் பௌத்தர் யாவரும் அவரோடு முழுதும் உடன்பட்டாரில்லை. 1907-ல் பௌத்த சாரத்தை ஆங்கிலத்தில் எழுதிய பேராசிரியர் இலட்சுமி நரசு அவர்கள் பகுத்தறிவையே அடிப்படையாகக் கொண்டார். வம்ச சரித்திரத்தை ஆதாரமாகக் கொள்ளவில்லை. பண்டிதர் சொற்களுக்குக் கூறிய பொருள்களையெல்லாம் இன்றைய சரித்திர ஆசிரியர் ஏற்பதுமில்லை. இதனால் நாம் கலங்க வேண்டுவதில்லை. குனிந்தே பழகிய முதுகை நிமிர்த்துவதற்கு அச்சரித்திரம் ஊன்றுகோலாயிற்று. நிமிர்ந்தபின் நடக்க வேண்டியது நம் கால்களே, அந்நடையே பஞ்சசீலம்.

1914-ஆம் ஆண்டு மே 5-ஆம் தேதி பண்டிதர் காலமானார். அவர் மகனார் பட்டாபிராமன் சில காலம் பத்திரிகையை நடத்தினார். பின் 1926-ல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலில் அதை மீண்டும் எழுப்பினார். பண்டிதரின் நூல்களை அச்சிட்டுக் காத்ததும் தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலையே. பாட்டனார் துரையிடம் ஏடு சேர்த்தார். பேரனார் எழுதிய ஏடுகளைச் சுரங்கத் தொழிலாளர் நம்மிடம் சேர்த்தனர். பாபாசாகேப் அம்பேத்கர் 1948-ல் வெளியிட்ட நூலில், தீண்டத்தகாதவரெனப்பட்டோர் பௌத்தத்தை விடாததால் ஒதுக்கப்பட்டோரே என்னும் கருத்தை நிறுவினார். 1956 அக்டோபர் 14-ல் நாகபுரியில் இலட்சக்கணக்கானோர்க்குத் தீக்ஷை அளித்தார். பண்டிதரின் எழுத்துக்கள் 1999-ல் பெருந்தொகுதிகளாக வெளிவந்தன. 2005-ல் அஞ்சல் தலையும் வெளிவந்தது. தங்கவயல் சுரங்கங்கள் 2001-ல் மூடப்பட்டன. ஆனால் அங்கே ஏற்றிய விளக்கு அணையவில்லை.

அன்பர்களே! பௌத்தரான பட்டியல் ஜாதியார்க்கும் உரிமைகள் உண்டென 1990-ல் சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே சர்க்கார் காகிதத்தில் பழைய குலப்பெயரை எழுதுகின்றோம். அது உரிமை காக்கும் பொருட்டு, குற்றமன்று. ஆனால் அப்பெயர் காகிதத்தோடு நிற்கின்றதா? பிரசாரத்துக்குச் செல்லும் இடங்களில் நான் காண்பது வேறு. திரிசரணம் ஓதிய வாய், மகளுக்கு வரன் தேடும்போது நீங்கள் எந்தப் பிரிவு என்று கேட்கின்றது. புத்தர் படத்தின்கீழ் அமர்ந்தே உட்பிரிவு பார்க்கின்றது. கோயில் வாசலில் நம்மை நிறுத்திய அதே கேள்வியை நம் வீட்டு வாசலில் நம் உறவின் முறையாரிடமே கேட்பது தகுமா?

சங்கம் நிறுவியோர் தம் வம்சத்தை ஆராய்ந்தது பிறரைக் கீழ்ப்படுத்த அன்று. தம்மைக் கீழ்ப்படுத்திய பொய்யை அகற்றவே. அப்பொய்யை நாமே மீண்டும் சுமப்போமாயின் பண்டிதர் பெயரைச் சொல்லும் தகுதி நமக்கில்லை. அடுத்த சம்பந்தம் பேச அமரும்போது பிரிவைக் கேளாதீர்கள். மணமகன் குடிக்கின்றானா, பொய் சொல்கின்றானா, பிறர் பொருளை விரும்புகின்றானா என்று கேளுங்கள். அதுவே சாக்கிய வம்சத்தார் கேட்கும் கேள்வி.

நமோ புத்தாய.