கிதார் வாசிக்கத் தெரியாத கிதார் மேதை
(லியோ ஃபெண்டர் வாழ்க்கை வரலாறு)

கிதார் வாசிக்கவே தெரியாத ஒருவர், உலகமெங்கும் வாசிக்கப்படும் கிதாரைச் செய்தார் என்றால் நம்புவீர்களா, தோழியரே? அவர்தான் லியோ ஃபெண்டர்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த பெற்றோருக்கு மகனாக 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் பிறந்தார். எட்டு வயதில் கட்டி ஒன்றினால் இடது கண்ணை இழந்தார். அதன்பின் வாழ்நாள் முழுவதும் கண்ணாடிக் கண்தான். சிறு வயதில் பியானோவும் சாக்ஸபோனும் பயின்றார். கிதாரை மட்டும் கடைசிவரை கற்கவில்லை. கல்லூரியில் படித்ததோ கணக்கியல்! வானொலி நுட்பத்தை யாரிடமும் பாடமாகக் கேட்காமல் தாமே கற்றுக்கொண்டார்.

கணக்கர் வேலை நிலைக்கவில்லை. ஆகவே 1938-இல் 600 டாலர் கடன் வாங்கி, ஃபுல்லர்ட்டன் நகரில் ஒரு வானொலி பழுதுபார்க்கும் கடை திறந்தார். அங்கே ஒலிபெருக்கிகளைச் சரிசெய்து கொள்ள வந்த இசைக்கலைஞர்களால்தான் அவருடைய பாதை திரும்பியது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாளாம். இங்கே ஆடத் தெரிந்தவர்களே வந்து கூடம் கோணல் என்றார்கள். ஆடத் தெரியாத இவர் கூடத்தை நிமிர்த்திக் கொடுத்தார்! 1946-இல் ஃபெண்டர் நிறுவனம் தோன்றியது. 1950-களின் தொடக்கத்தில் டெலிகாஸ்டர் கிதாரும் பிரிசிஷன் பேஸும் வெளிவந்து புகழ் பெற்றன.

ஆயினும் என்னை மிகவும் கவர்ந்தது 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் சிறு கைப்பிடிதான். வீணை வாசிப்பவர் தந்தியை விரலால் இழுத்து ஸ்வரத்தை அசைக்கிறார் அல்லவா? அதைப்போல எல்லாத் தந்திகளையும் ஒரே நேரத்தில் அசைக்க உதவுவது இந்தக் கைப்பிடி. கையால் அழுத்தினால் தந்திகள் தளர்ந்து ஸ்வரம் இறங்கும். விட்டால் பழைய இடத்துக்குத் திரும்பும். திரும்ப வேண்டும்! அங்கேதான் சிக்கல்.

அவர் முதலில் செய்து பார்த்த அமைப்பு கிதாரின் ஒலியை மெலிதாக்கிவிட்டது. அதற்காக ஏற்கெனவே பணம் செலவழித்திருந்தும், அதை ஒதுக்கிவிட்டு மறுபடி தொடக்கத்திலிருந்து தொடங்கினார். புதிய அமைப்பில் ஆறு திருகாணிகளின்மேல் ஓர் உலோகத் தகடு, தராசின் கத்திமுனையைப் போல ஊசலாடும். அதன் கீழே கனத்த எஃகுக் கட்டை ஒன்று உண்டு. தந்திகள் அதன் வழியே செல்லும். தந்திகள் ஒரு பக்கம் இழுக்க, கிதாரின் முதுகுப்புறத்தில் உள்ள சுருள்வில்கள் மறுபக்கம் இழுக்கும். இரண்டு இழுப்பும் சமமாக நிற்கும் இடமே சரியான சுருதி. இதற்கு 1956-இல் காப்புரிமை கிடைத்தது.

இதில் ஒரு வேடிக்கை. ஒலியின் அளவு ஏறி இறங்குவதே டிரமோலோ. ஸ்வரம் ஏறி இறங்குவது விப்ராட்டோ. லியோ ஃபெண்டர் இந்தக் கைப்பிடிக்கு டிரமோலோ என்று பெயர் வைத்துவிட்டார். ஒலிபெருக்கியில் ஒலி அளவை அசைக்கும் அமைப்புக்கோ விப்ராட்டோ என்று பெயரிட்டார். பெயர்கள் இடம் மாறிவிட்டன! இன்றுவரை கிதார் வாசிப்போர் அந்தத் தவறான பெயரைத்தான் சொல்கிறார்கள்.

கைப்பிடியைப் பலமாக அழுத்தினால் சுருதி கலைந்துவிடும் என்ற குறை மட்டும் தீரவில்லை. கழுத்தின் மேல்முனையில் தந்திகள் தங்கும் நட் என்னும் துண்டின் பள்ளங்களில் தந்தி வழுக்கிச் சென்று, திரும்பும்போது சிக்கிக்கொள்ளும். 1970-களின் பிற்பகுதியில் ஃபிளாய்ட் ரோஸ் என்னும் கிதார்க் கலைஞர், தந்திகளை அந்த நட்டிலேயே இறுகப் பூட்டிவிட்டார். வழுக்க இடமே இல்லை. ஆனால் பூட்டிய பிறகு முறுக்காணியைத் திருகிப் பயனில்லை. அதனால் நுண்ணிய சுருதிக்கான திருகுகளைப் பின்னர் மறுமுனையில் வைக்க வேண்டியதாயிற்று.

இதற்குள் லியோ ஃபெண்டரின் வாழ்வில் பெரிய மாற்றம் நிகழ்ந்திருந்தது. 1950-களின் நடுவில் தொற்றிய நோய் பல ஆண்டுகள் அவரை வாட்டியது. இனி நெடுநாள் வாழமாட்டோம் என்று எண்ணி, 1965 ஜனவரியில் சி.பி.எஸ். நிறுவனத்துக்கு எல்லாவற்றையும் விற்றுவிட்டார். விலை 1 கோடியே 30 லட்சம் டாலர். சில ஆண்டுகளில் வேறொரு மருத்துவர் அவரைக் குணப்படுத்திவிட்டார்! உடல் தேறியது, ஆனால் விற்றது விற்றதுதான். தம் சொந்தப் பெயரைக்கூடத் தாம் செய்யும் கிதாரின்மேல் பொறிக்க அவரால் இயலவில்லை. அத்தனை பணம் வந்தும் இது எவ்வளவு பெரிய இழப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் சும்மா இருக்கவில்லை. எழுபது வயதில், பழைய நண்பர் ஜார்ஜ் ஃபுல்லர்ட்டனுடன் ஜி அண்ட் எல் நிறுவனத்தைத் தொடங்கினார். ஜார்ஜ், லியோ என்பதன் முதலெழுத்துகளே அப்பெயர். பழைய டிரமோலோவையும் விட்டு வைக்கவில்லை. ஆறு திருகாணிகளுக்குப் பதில் இரண்டே தாங்குமுனைகள் போதும் என்று மாற்றினார். தந்தியைப் பூட்டாமல், உராய்வைக் குறைத்தே சுருதியைக் காக்க முயன்றார்.

1979-இல் மனைவி எஸ்தர் மறைந்தார். பின்னர் பார்க்கின்சன் நோய் லியோ ஃபெண்டரைப் பற்றியது. நடுங்கும் கைகளோடும் நாள் தவறாமல் பட்டறைக்குச் சென்றுவந்தார். 1991 மார்ச் 21-ஆம் நாள், தம் 81-ஆம் வயதில், ஃபுல்லர்ட்டனில் காலமானார். அவருடைய கடைசிப் பட்டறை இருந்த தெருவுக்கு ஃபெண்டர் அவென்யூ என்று பெயர்.

— பத்தாம் வகுப்பு மாணவி