புரிந்த சொல்லும் ஒரு மருந்தே! - மருத்துவர் சாமுவேல் கிரீன் வாழ்வு தரும் சிந்தனை



அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்றொரு நகரம் உண்டு. அங்குள்ள ஒரு கல்லறையில், அடக்கம் செய்யப்பட்டவர் தமிழருக்கு மருத்துவ நற்செய்திப் பணியாளராக வாழ்ந்தவர் என்ற பொருள்பட எழுதப்பட்டிருக்கிறது. இறந்தபின் தன்னை இவ்வாறே நினைவுகூர வேண்டும் என்று அவரே விரும்பினார். அவர்தான் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். யாழ்ப்பாணத்து மக்கள் அவரைக் கிறீன் வைத்தியர் என்பர். பெருமைக்குரிய பட்டங்களை விட்டுவிட்டு, கடல்கடந்து வாழும் ஓர் இனத்தின் பெயரைத் தன் கல்லறைக்குக் கேட்டுப் பெற்ற இந்த மனிதரின் வாழ்வை இன்று சற்றுச் சிந்திப்போம்.

கிரீன் 1822-ஆம் ஆண்டு அக்டோபர் 10 அன்று வூஸ்டரில் பிறந்தார். நியூயார்க் நகரின் புகழ்பெற்ற சென்ட்ரல் பூங்கா உருவாகப் பாடுபட்ட ஆண்ட்ரூ கிரீன் இவருடைய அண்ணன். சாமுவேலோ வேறு வழியைத் தேர்ந்துகொண்டார். 1845-இல் நியூயார்க்கில் மருத்துவப் படிப்பை முடித்தார். அமெரிக்க மிஷன் சபையின் மருத்துவப் பணியாளராக 1847-ஆம் ஆண்டு அக்டோபரில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 25. அவர் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சார்ந்தவர் அல்லர். ஆயினும் நோயுற்ற மனிதருக்காகத் தன்னையே கொடுத்த எவரிடமிருந்தும் நாம் கற்றுக்கொள்ளலாம் அல்லவா?

முதலில் வட்டுக்கோட்டையிலும், 1848 முதல் மானிப்பாயிலும் அவர் பணிபுரிந்தார். நோயாளிகள் திரளாக வந்தனர். ஒரே ஒரு மருத்துவர் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? எனவே உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். தொடக்கத்தில் பாடம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. அதன் விளைவை அவர் கண்ணாரக் கண்டார். ஆங்கிலம் கற்றவர்களில் பலரை அரசாங்க வேலையும் நல்ல சம்பளமும் வெளியூர்களுக்கு இழுத்தன. கிராமத்து ஏழைக்கு மீண்டும் மருத்துவர் இல்லை என்ற நிலையே மிஞ்சியது. இன்னொன்றையும் அவர் உணர்ந்தார். ஒரு மக்களினத்தின் தாய்மொழிக்குள் நுழையாத அறிவு, அந்த மக்களின் வீட்டுக்குள்ளும் நுழையாது.

விடுமுறைக்கு அமெரிக்கா சென்று 1862-இல் திரும்பியபின், மருத்துவக் கல்வி முழுவதையும் தமிழிலேயே கற்பிப்பதென்று அவர் உறுதிகொண்டார். அப்படிச் செய்வதற்குத் தமிழில் மருத்துவப் பாடநூல்கள் வேண்டுமே! அந்நாளில் மேலை மருத்துவம் கற்பிக்கத் தமிழில் முழுமையான நூல் வரிசை இல்லை. கிரீன் தாமே தமிழை ஆழக் கற்று, தம் மாணவர்களின் துணையோடு மொழிபெயர்த்தார். பிரசவ வைத்தியம் 1857-லும், இரண வைத்தியம் 1867-லும் வெளிவந்தன. உடற்கூற்றியலுக்கு உலகப் புகழ்பெற்ற கிரே என்பவரின் நூல், மனுஷ அங்காதிபாதம் என்ற பெயரில் 1872-இல் தமிழுக்கு வந்தது. கெமிஸ்தம் என்னும் வேதியியல் நூல் 1875-இல் அச்சானது. அவர் தமிழில் தந்த பக்கங்கள் மொத்தம் 4000-க்கும் மேல்!

புதிய சொற்களை உருவாக்குவதில் அவர் ஓர் ஒழுங்கைக் கடைப்பிடித்தார். முதலில் தமிழில் சொல் உண்டா என்று தேடுவார். இல்லையெனில் வடமொழியில் பார்ப்பார். அங்கும் கிடைக்காவிடில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு ஏற்ப மாற்றிக்கொள்வார். கெமிஸ்தம் என்ற பெயரே இதற்குச் சான்று. தம் மாணவர்கள் ஐரோப்பிய உடை அணிவதையும் அவர் விரும்பவில்லை. மருத்துவர் தம் மக்களைப்போல் உடுத்தி, தம் மக்களைப்போல் பேசி, அவர்கள் நடுவிலேயே வாழவேண்டும் என்பதே அவர் எண்ணம். அவரிடம் 60-க்கும் மேற்பட்டோர் மருத்துவம் பயின்றனர். ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிலேயே கற்றவர்கள்.

பாடநூல்கள் மாணவர்களுக்கு உதவின. சாதாரண மக்களின் நிலை என்ன? இங்கே நாம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவருடைய தொடக்கக்கால நூல் ஒன்றின் பெயர் அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல். உடலின் அமைப்பு, அதன் இயக்கம், உடல்நலப் பாதுகாப்பு ஆகிய மூன்றையும் பற்றியது அது. தமிழில்தான் இருக்கிறது! ஆனால் வயலில் வேலை செய்தவருக்கு இந்தப் பெயர் புரிந்திருக்குமா? மொழிபெயர்த்துவிட்டால் மட்டும் ஒரு செய்தி மக்களைச் சென்றடைந்துவிடாது. கிரீனும் பெரிய நூல்களோடு நின்றுவிடவில்லை. வாந்திபேதி என்று மக்கள் அஞ்சிய காலரா நோயைப் பற்றிச் சிறு பிரசுரம் எழுதினார். படிக்க இயலாதவர்களிடம் பேசுவதற்கு, அவர் பயிற்றுவித்த தமிழ் மருத்துவர்கள் இருந்தார்கள்.

காலராவுக்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்ததை இராபர்ட் கோக் என்ற ஜெர்மானிய அறிஞர் கல்கத்தாவிலிருந்து அறிவித்தது 1884-ஆம் ஆண்டில். அதே ஆண்டு மே மாதம்தான் கிரீன் காலமானார். அப்படியானால் அவர் பணியாற்றிய காலம் முழுவதும் அந்நோயைப் பற்றிய அறிவு அரைகுறையாகவே இருந்தது. முழு அறிவும் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. அன்று தெரிந்ததை அன்றைய மக்களுக்குச் சொன்னார்.

உடல்நலம் குன்றி 1873-இல் தாயகம் திரும்பிய பின்னரும் தமிழ்ப் பணியை அவர் நிறுத்தவில்லை. மனுஷ சுகரணம் என்ற உடலியல் நூல் 1883-இல், அதாவது அவர் இறப்பதற்கு முந்தைய ஆண்டில் வெளியாயிற்று. மானிப்பாய் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இறைமக்களே, இவரது வாழ்வு சேர்வராயன் மலையில், வெள்ளக்கடைப் பகுதியில் வாழும் நமக்கு என்ன சொல்கிறது? இங்கே தலைமுறை தலைமுறையாய் மலையில் வாழும் பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். காப்பித் தோட்டத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். வெளிமாநிலங்களிலிருந்து பிழைப்புக்காக வந்து, தமிழ் இன்னும் பழகாதவர்களும் இருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும், நாள் முழுவதும் கைபேசியில் மூழ்கும் பேரனும் ஒரே கூரையின்கீழ் வாழ்கிறார்கள். ஒரே அறிவிப்பு, ஒரே நடையில் இவர்கள் எல்லாரையும் எப்படிச் சென்றடையும்?

2020-இல் கொரோனா நோய் பரவியபோது, பொய்யும் மெய்யும் கலந்த தகவல்களின் பெருக்கத்தை உலகச் சுகாதார நிறுவனம் தகவல் பெருந்தொற்று என்ற பொருள்பட அழைத்தது. 2021 ஜனவரியில் நம் நாட்டில் தடுப்பூசி போடத் தொடங்கியபோது, ஊசிக்கு முன்பே வதந்தி மலையேறி வந்துவிட்டது. ஏன் தெரியுமா? வதந்தி நம் வீட்டுப் பேச்சில் வந்தது. தெரிந்தவர் குரலில் வந்தது. உண்மையோ பலவேளைகளில் அலுவலக நடையில், கடினச் சொற்களோடு வந்தது. அந்த அச்சத்தைப் போக்க, வீடுவீடாக வந்து திண்ணையில் அமர்ந்து பொறுமையாக எடுத்துச் சொல்லும் செவிலியர்கள் தேவைப்பட்டனர். கிரீன் தம் மாணவர்களை எதற்காக மக்களைப்போல் வாழச் சொன்னாரோ, அதன் பொருள் இங்கே விளங்குகிறது.

இரத்த அழுத்த மாத்திரையைத் தலைசுற்றல் நின்றவுடன் நிறுத்திவிடுகிற பெரியவர்களை நாம் நன்கு அறிவோம். அவர்கள் பிடிவாதக்காரர்கள் அல்லர். வலி இல்லாவிட்டாலும் அந்த நோய் உள்ளே இருக்கும் என்பதை அவர்களுக்குப் புரியும்படி எவரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதன் விலை சிலவேளை பக்கவாதம், சிலவேளை உயிர்!

எனவே நம் குடும்பங்களில் படித்த பிள்ளைகளுக்கு ஒரு கடமை உண்டு. உடல்நலம் பற்றிய செய்தி கைபேசியில் வந்தால், அதைச் சொன்னவர் யார், எந்த ஆண்டுச் செய்தி என்று பாருங்கள். ஐயம் இருந்தால் பிறருக்கு அனுப்பாதீர்கள். 104 என்ற அரசு மருத்துவ ஆலோசனை எண்ணிலோ, உங்கள் ஊர்ச் செவிலியரிடமோ கேளுங்கள். மருத்துவர் எழுதித் தந்த சீட்டை உங்கள் பாட்டிக்கு அவர் பேசும் பேச்சிலேயே விளக்குங்கள். பின்பு, அவர் புரிந்துகொண்டதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தோட்டத்தில் மொழி தெரியாத ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்தால், அவர் மொழி அறிந்த ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பெந்தக்கோஸ்து நாளில் பல நாட்டவரும் திருத்தூதர்கள் பேசியதைத் தத்தம் மொழியில் கேட்டு வியந்தார்கள். தூய ஆவியார் எல்லாரையும் ஒரே மொழிக்கு மாற்றவில்லை. செய்தியையே ஒவ்வொருவரின் மொழிக்கும் கொண்டுவந்தார். மருத்துவர் கிரீன் தம் வாழ்நாளெல்லாம் செய்ததும் இதுவே. நாமும் நம் வீட்டில், நம் ஊரில், ஒருவருக்காவது இப்பணியைச் செய்வோம். நோயுற்றோர் அனைவரையும் இறைவன் காப்பாராக!