ஓவியர் வான் கோவும் அவர்தம் நண்பரும்

விடுதி அறையொன்றின் சுவரை நோக்கினால், அங்கு வாழ்வோனின் உள்ளம் ஒருவாறு புலனாகும். ஒருவன் மலைச்சாரலை மாட்டி வைப்பான். அவன் தோழனோ போர்க்களத்தை மாட்டுவான். ஒருவர் படத்தை ஒருவர் பழித்து, உணவு மணி அடிக்கும்வரை வாதிடுவர். யாம் நகைத்து மறந்துவிடும் இத்தகைய பூசலால் ஒரு நட்பை இழந்து, மற்றொன்றையும் இழக்கும் நிலையை எய்தினார் ஒருவர். அவரே ஒல்லாந்து நாட்டு ஓவியர் வின்சென்ட் வான் கோ.

1853-ஆம் ஆண்டு மார்ச்சு 30-ஆம் நாள், சபைப் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்த இவர், 16-ஆம் வயதில் ஓவிய வாணிக நிலையம் ஒன்றில் அமர்ந்தார். 1875-இல் பாரிஸ் நகரில் மில்லே என்பாரின் சித்திரங்கள் ஏலத்திற்கு வந்தன. அவற்றை வைத்திருந்த கூடத்துள் நுழைந்தபோது, எரியும் முட்செடியின் முன் நின்ற மோசேயைப்போல் மிதியடியைக் கழற்றவேண்டும் என்ற உணர்ச்சி இவருக்கு உண்டாயிற்றாம். மில்லே வரைந்தவரோ விதை தூவுவோரும், சிந்திய கதிர் பொறுக்கும் பெண்டிருமே! இத்தகைய உள்ளம் உடையவர் வாணிகத்தில் நிலைப்பது எங்ஙனம்? மறு ஆண்டே விலக்கப்பட்டார். பின்னர்ப் பெல்சிய நாட்டில் நிலக்கரி தோண்டுவோரிடையே ஊழியம் செய்து, தம் உடையையும் அவர்க்கே ஈந்தார். அதுவும் நிலைக்கவில்லை. 1880-இல், 27-ஆம் வயதில், ஓவியமே தம் தொழில் எனத் துணிந்தார்.

அவ்வாண்டில் வான் ராப்பார்ட் என்னும் உயர்குடி இளைஞர் அவருக்கு நண்பரானார். 1885-இல் வின்சென்ட் 'உருளைக்கிழங்கு உண்போர்' என்னும் படத்தை வரைந்து, அதன் கல்லச்சுப் படியொன்றை அவருக்கு அனுப்பினார். மங்கிய விளக்கொளியில், நிலத்தைத் தோண்டிய கையாலேயே கிழங்கை எடுத்துண்ணும் உழவர் குடும்பத்தின் படம் அது. கலைக்கழகத்தில் முறையாகப் பயின்ற ராப்பார்ட், உறுப்புகளின் அமைப்பில் கண்ட பிழைகளைக் கடுமையாக எடுத்துரைத்து எழுதினார். வின்சென்ட் அக்கடிதத்தை அவருக்கே திருப்பி அனுப்பிவிட்டார். ஐந்தாண்டு நட்பு அவ்வாண்டிலேயே முறிந்தது. ராப்பார்ட் கண்ட பிழைகள் அப்படத்தில் இல்லையென யாம் வாதிட மாட்டோம். அக்கைகள் முரடாகவே உள்ளன. ஆயினும் அவற்றை அழகாகத் திருத்தி வரைந்திருந்தால், அவை கிழங்கு தோண்டிய கைகளென எவர் நம்புவர்?

அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் ஆம்ஸ்டர்டாம் அரும்பொருட் காட்சிசாலைக்கு மற்றொரு நண்பருடன் சென்றார். ரெம்பிராண்ட் வரைந்த 'யூத மணமகள்' என்னும் ஓவியத்தின் முன் அமர்ந்தவர் எழவில்லை. நண்பர் தனியே சுற்றிப் பார்த்துத் திரும்பியபோதும் அவர் அங்கேயே அமர்ந்திருந்தார்!

பாரிசில் தம்பி தியோவுடன் ஈராண்டு வாழ்ந்தபின், 1888 பிப்ரவரியில் தென் பிரான்சின் ஆர்ல் நகரை அடைந்தார். அங்கு மஞ்சள் நிற வீடொன்றை வாடகைக்கு அமர்த்தி, ஓவியர் பால் கோகானைத் தம்முடன் வாழ அழைத்தார். நண்பர் தங்கும் அறைக்கு அணியாகச் சூரியகாந்தி மலர்களை வரைந்து வைத்தார். அக்டோபர் 23-ஆம் நாள் கோகான் வந்தார். பூசலும் உடன் வந்தது. வின்சென்ட் போற்றிய தோமியேயையும் தொபினியையும் கோகான் வெறுத்தார். கோகான் போற்றிய ரபேலையும் ஆங்கரையும் தெகாவையும் வின்சென்ட் வெறுத்தார். நினைவிலிருந்தே வரைக என்றார் ஒருவர்; கண்முன் நில்லாத பொருளை வரைதல் மற்றவர்க்கு அரிதாயிருந்தது. டிசம்பரில் இருவரும் மோம்பெலியே நகரின் காட்சிசாலையைக் கண்டு வந்தனர். அங்குக் கண்ட ஓவியங்களைப் பற்றியும், தெலக்ருவா, ரெம்பிராண்ட் ஆகியோரைப் பற்றியும் மூளை களைத்துப்போகும் அளவு வாதிட்டனர்.

டிசம்பர் 23-ஆம் நாள் இரவு, மனநோய் முற்றிய நிலையில், வின்சென்ட் தம் காதைத் தாமே அறுத்துக்கொண்டார். ஓவியப் பூசலே அதற்குக் காரணம் எனல் பொருந்தாது. ஆயினும் நண்பர் பிரிந்துவிடுவார் என்னும் அச்சம் அந்நாட்களில் அவரை வாட்டியது உண்மை. கோகான் பாரிசுக்குச் சென்றார். இருவரும் மீண்டும் சந்திக்கவேயில்லை.

ஆயினும் சில வாரங்களில் கோகானிடமிருந்து கடிதம் வந்தது. வின்சென்டின் ஓவியங்களுள் தமக்கு வேண்டுமென அவர் கேட்டது, தம் அறைச் சுவரை அணிசெய்த அச்சூரியகாந்தியையே! வின்சென்ட் மூலத்தைக் கொடுக்க மனமின்றி, அதைப் பார்த்து மீண்டும் வரையத் தொடங்கினார்.

அடுத்த ஆண்டைச் சென்-ரெமியின் மனநோய் விடுதியில் கழித்தார். அங்கும் அவருக்குத் துணையானவர் மில்லேயே. அவருடைய கருநிற அச்சுப் படங்களைப் பார்த்து ஏறத்தாழ இருபது ஓவியங்களை வண்ணத்தில் வரைந்தார். 1890 சூலை 29-ஆம் நாள், ஓவேர் என்னும் ஊரில், துப்பாக்கிக் குண்டுபட்ட புண்ணால் 37-ஆம் வயதில் உயிர் நீத்தார்.

கோகான் கடல் கடந்து தாகித்தித் தீவில் வாழ்ந்தார். அங்கிருந்து பிரான்சுக்கு எழுதிச் சூரியகாந்தி விதைகளை வருவித்தார். 1901-இல், நாற்காலியொன்றின்மேல் அம்மலர்களை வைத்து ஓவியம் வரைந்தார்.