பிரெட்டும் முட்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் எடை ஏறுமா? யார் இந்த டாக்டர் ஹே?

புரதத்தையும் மாவுச்சத்தையும் ஒரே வேளையில் சாப்பிடாதீங்க, எடை தானா குறையும். ரீல்ஸில் இன்னைக்கும் சுத்திட்டு இருக்கும் இந்த அட்வைஸ், நூறு வருஷத்துக்கு முன்னாடியே பிரபலம். அதற்குக் காரணம் அமெரிக்க டாக்டர் வில்லியம் ஹோவர்ட் ஹே.

நோயாளி ஆன டாக்டர்

1866-ல் பென்சில்வேனியாவில் பிறந்த ஹே, 1891-ல் நியூயார்க்கில் மருத்துவம் முடித்தார். நாற்பது வயதை ஒட்டி அவரே நோயாளி ஆனார். சிறுநீரகக் கோளாறு, உயர் ரத்த அழுத்தம், வீங்கிய இதயம். எடை சுமார் 102 கிலோ.

உடனே சாப்பாட்டை மாற்றினார். அளவைக் குறைத்தார், இயற்கையான உணவுக்கு மாறினார். சில மாதங்களில் சுமார் 23 கிலோ குறைந்தது, உடம்பும் தேறியது.

பிறந்தது ஹே டயட்

தன் அனுபவத்தை வைத்தே ஒரு விதி வகுத்தார். இறைச்சி, முட்டை ஒரு வேளை. பிரெட், உருளைக்கிழங்கு இன்னொரு வேளை. நடுவில் குறைந்தது 4 மணி நேர இடைவெளி. இரண்டும் கலந்தால் செரிமானம் கெட்டு, உடம்பில் அமிலம் சேரும் என்பது அவர் வாதம். புத்தகங்கள் எழுதினார், போக்கோனோ மலைப்பகுதியில் சிகிச்சை இல்லம் நடத்தினார். 1930-களில் இந்த டயட் செம டிரெண்டிங். 1940-ல் அவர் இறந்த பிறகும் டயட் சாகவில்லை.

அறிவியல் என்ன சொல்லுது?

கணையம் புரதம், மாவுச்சத்து, கொழுப்பு மூன்றுக்குமான நொதிகளையும் சேர்த்தேதான் சுரக்கிறது. ரத்தத்தின் அமில அளவை நுரையீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. பருப்பில் இயற்கையாகவே புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்துதான் இருக்கு. அதை எப்படிப் பிரிப்பீங்க?

2000-ல் ஸ்விட்சர்லாந்து ஆய்வாளர்கள், உடல் பருமன் உள்ள 54 பேரை இரு பிரிவாக்கி, 6 வாரம் ஒரே அளவில், தினம் 1,100 கலோரி கொடுத்தார்கள். பிரித்துச் சாப்பிட்டவர்கள் சராசரியாக 6.2 கிலோ, சேர்த்துச் சாப்பிட்டவர்கள் 7.5 கிலோ குறைந்தார்கள். புள்ளியியல்படி இது பெரிய வித்தியாசம் இல்லை. பிரித்துச் சாப்பிட்டதால் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை.

அப்போ ஹே இளைத்தது எப்படி?

குறைவாகச் சாப்பிட்டதுதான் முக்கியக் காரணமாக இருக்கணும். வெள்ளை மாவு, சர்க்கரையைக் குறைத்து காய்கறி, பழத்தைக் கூட்டச் சொன்னது இன்றைக்கும் நல்ல அட்வைஸ்தான். ஆனால் ஒருத்தர் குணமானது எல்லோருக்குமான ஆதாரம் ஆகிடாது. சர்க்கரை நோய், சிறுநீரகப் பிரச்னை இருப்பவர்கள் ரீல்ஸை நம்பி உணவு முறையை மாற்றாமல், முதலில் டாக்டரிடம் கேட்பதே பாதுகாப்பு. மற்றவர்கள் தட்டில் எது எதோடு சேருதுன்னு பார்ப்பதை விட, எவ்வளவு இருக்குன்னு பார்த்தாலே போதும்.